சந்தைப் பங்கு: சொல் விளக்கம்

பங்குச் சந்தை வேறு, சந்தைப் பங்கு வேறு. சொற்கள் இடம் மாறி நிற்பதால் பலருக்கும் குழப்பம் வருகிறது. முதலாவது, நிறுவனங்களின் பங்குகளை வாங்கி விற்கும் இடம். இரண்டாவது, ஒரு பொருளின் மொத்த விற்பனையில் ஒரு நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்த அளவு, சதவீதத்தில் சொல்வார்கள். ஆங்கிலத்தில் மார்க்கெட் ஷேர்.

பகு என்ற வினையடியில் பிறந்தது பங்கு. பகுதி, பகிர்வு, பங்காளி எல்லாம் அதே குடும்பம். ஆங்கில ஷேருக்கும் வேர்ப்பொருள் வெட்டுதல்தான். ஆனால் பங்காளி என்ற சொல்லில் தமிழ் இன்னும் ஒரு படி போய்விட்டது: ஒரே சொத்தில் உரிமை உள்ளவன், அதனாலேயே சண்டைக்கும் வருகிறவன். கன்சோல் எனப்படும் வீட்டு வீடியோ கேம் பெட்டி விற்கும் சோனி, நிண்டெண்டோ, மைக்ரோசாஃப்ட் மூவரும் இந்த இரண்டு பொருளிலும் அசல் பங்காளிகள்.

சந்தைதான் கொஞ்சம் இடிக்கிறது. எங்கள் வேலூர்ப் பக்கம் சந்தை என்றால் செவ்வாய்க்கிழமை பொய்கையில் கூடும் மாட்டுச் சந்தை. தினமும் காய்கறி வாங்கப் போவது நேதாஜி மார்க்கெட்டுக்கு. பொருளியலில் வரும் சந்தைக்கோ இடமும் இல்லை, கிழமையும் இல்லை. ‘விற்பனைப் பங்கு’ என்று எழுதினால் இன்னும் சட்டென்று புரியும் என்பது என் எண்ணம். பத்திரிகைகளில் சந்தைப் பங்கு வேரூன்றிவிட்டது, சரி, இருக்கட்டும். கன்சோலுக்கு ‘நிகழ்பட ஆட்டக் கருவி’ என்று ஒரு தமிழாக்கம் உண்டு. காட்பாடியில் எந்தக் கடையிலும் அப்படிக் கேட்டு வாங்க முடியாது.

அடுத்து, இந்தப் பங்கை முன்கூட்டியே சொல்வது. ஃபோர்காஸ்ட் என்பதற்குக் கணிப்பு என்பதே போதும். கணி என்றால் நாள் பார்த்துச் சொல்பவர். கணியன் பூங்குன்றனார் பெயரில் இருப்பதும் அதுதான் என்பார்கள். கணிப்பு என்றாலே வரப்போவதைப் பற்றியது என்பதால், ‘முன்கணிப்பு’ என்று இன்னொரு முன் தேவையில்லை.

கன்சோல் விற்பனையில் கணிகள் சறுக்கிய அளவுக்கு வேறு இடத்தில் சறுக்கியிருப்பார்களா, சந்தேகம்தான். சோனியின் பிளேஸ்டேஷன் 2 உலகம் முழுக்க 15 கோடிக்கு மேல் விற்றது. அதே காலத்தில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஏறத்தாழ 2.4 கோடி, நிண்டெண்டோவின் கேம்கியூப் 2.17 கோடி. போன முறை வென்றவரே அடுத்த முறையும் வெல்வார் என்று 2006-இல் கணக்குப் போட்டிருந்தால் சோனியைத்தான் சொல்லியிருப்போம். ஆனால் அந்த ஆண்டு நவம்பரில் பிளேஸ்டேஷன் 3 அமெரிக்காவில் 499, 599 டாலர் என்று இரண்டு விலையில் வந்தது. நிண்டெண்டோவின் வீ 250 டாலர்தான். அதோடு, கையை ஆட்டி விளையாடும் வசதி, அதுவரை கேம் தொடாதவர்களையும் இழுத்தது. கடைசியில் வீ விற்றது 10.16 கோடி, பிளேஸ்டேஷன் 3 விற்றது 8.7 கோடி, மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 விற்றது 8.4 கோடி. மூன்றையும் கூட்டிப் பார்த்தால் வீக்கு 37 சதவீதம், மற்ற இருவருக்கும் தலா முப்பதுக்குச் சற்று மேல்.

அப்புறம் அதே நிண்டெண்டோவின் கணிப்பே கவிழ்ந்தது. வீக்கு அடுத்து 2012-இல் வந்த வீ யூ கன்சோல், 2013 மார்ச்சுக்குள் 55 லட்சம் போகும் என்றார்கள், பிறகு 40 லட்சமாகக் குறைத்தார்கள், போனது 34.5 லட்சம். அடுத்த ஆண்டுக்குச் சொன்னது 90 லட்சம், போனது 27 லட்சம். நிறுவனம் தன் பொருளைப் பற்றித் தானே சொல்லும் இந்த எண்ணை இலக்கு என்று எழுதுவதுதான் நேர்மை.

சதவீதத்தைப் பார்த்ததும் எதை வகுத்தார்கள் என்று கேட்க வேண்டும். கடைகளுக்கு அனுப்பியதா, வாடிக்கையாளர் வாங்கிப் போனதா? இந்தக் காலாண்டு விற்பனையா, இதுவரை விற்ற மொத்தமா? மணிக்கு இவ்வளவு என்று காசு வாங்கி ஆடவிடும் கடையில் ஒரே பெட்டியில் ஊர்ப் பையன்கள் பாதிப் பேர் ஆடினாலும் கணக்கில் அது ஒன்றுதான். 2015-இல் எக்ஸ்பாக்ஸ் விற்பனை எண்ணிக்கையை வெளியிடுவதை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு அதன் சந்தைப் பங்கு என்று யார் எந்த எண்ணை எழுதினாலும் அது மதிப்பீடு. அப்படியே குறிப்பிட்டு எழுத வேண்டும்.