பெர்ஜுரி: பொய்ச்சாட்சியா, பொய்ச்சூளா?

ஜீவனாம்ச வழக்கொன்றில் கணவர் தாக்கல் செய்த பிரமாண வாக்குமூலத்தை, உதகையில் அவருடைய மனைவிக்கு வரிவரியாகப் படித்துச் சொல்ல நேர்ந்தது. கணவர் கோத்தகிரிப் பக்கத்துச் சிறு தேயிலை விவசாயி. உறைபனியில் கொழுந்து கருகிப்போன ஜனவரி மாதத்துக்குத் தேயிலைத் தொழிற்சாலை கொடுத்த தொகையை எடுத்து, அதைப் பன்னிரண்டால் பெருக்கி, அதுவே தம் ஆண்டு வருமானம் என்று எழுதியிருந்தார். கோடை சீசனில் வாடகைக்கு விடும் காட்டேஜைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தப் பெண்ணின் வக்கீல் இதைப் 'பெர்ஜுரி' என்றார். "பெர்ஜுரின்னா பொய்ச்சாட்சிதானுங்களே அண்ணா? அவரு யாருக்கும் சாட்சி சொல்ல வரலையே, தன்னைப் பத்தித்தானே எழுதியிருக்காரு?" என்று அந்தப் பெண் கேட்டார். கேள்வி சரியானது; கோளாறு நம் மொழிபெயர்ப்பில் இருக்கிறது.

சாட்சி என்பது வடசொல். கண்ணால் கண்டவர் என்பது அதன் அடிப்பொருள். பெர்ஜுரியின் மூலமான இலத்தீன் சொல்லிலோ கண்ணுக்கு இடமே இல்லை. 'ஜுராரே' என்றால் ஆணையிடுதல், முன்னால் நிற்கும் 'பெர்' அந்த ஆணையைக் கெடுத்தல். ஆகவே ஆணையிட்டுவிட்டு அதைப் பொய்யாக்குவதே சொல்லின் நேர்ப்பொருள். பேசப்படுவது அயலார் செயலா, தன் வரவு செலவா என்பது அதற்குப் பொருட்டல்ல.

சாட்சிக்குப் பழந்தமிழில் 'கரி' என்று பெயர். பொய்க்கரியாளரைப் புடைத்துண்ணும் பூதம் ஒன்று புகார் நகரச் சதுக்கத்தில் இருந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்லும். அப்பூதத்திடம் அகப்பட்ட ஒருவன், பத்தினி ஒருத்தியைப் பற்றி அவள் கணவனிடம் பொய்க்கரி சொன்னவன். அவனும் பிறர் குடும்பத்தைப் பற்றிப் பேசிய மூன்றாம் ஆள்தான் என்பதால், பொய்க்கரி எவ்வளவு அழகான சொல்லாயினும் நம் வழக்குக்குப் பொருந்தாது.

பொருந்துவது 'பொய்ச்சூள்'. சூள் என்றால் ஆணை. சூளுரைத்தல் இன்றும் மேடைத்தமிழில் வாழ்கிறது. பரத்தையிடம் போய்வந்துவிட்டு, போகவில்லை என்று தலைவியிடம் ஆணையிடும் தலைவனை மருதப் பாடல்களில் காணலாம். பரிபாடலின் எட்டாம் பாடலில் பரங்குன்றத்தைச் சொல்லிச் சூளுறும் தலைவனைத் தோழி தடுத்துவிடுகிறாள். கணவன் மனைவியிடம் தன்னைப் பற்றியே பொய்யாக ஆணையிடுவதற்குத் தமிழில் ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள சொல் இருக்க, நாம் சாட்சியைக் கடன் வாங்கியிருக்கிறோம்.

ஜீவனாம்ச வழக்குகளில் பெர்ஜுரி என்ற சொல் அடிக்கடி அடிபடுவதற்குக் காரணம், 2020 நவம்பர் 4 அன்று ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. கணவன், மனைவி இருவருமே தத்தம் சொத்தையும் கடனையும் வருமானத்தையும் வகுத்துக் காட்டும் பிரமாண வாக்குமூலத்தைத் தாக்கல் செய்ய வேண்டும் என்றது அது. வேளாண்மையை நம்பியிருப்போருக்குத் தனிப்படிவமும் தந்தது. வேலைக்குப் போவதை மறைக்கும் மனைவியும் இதற்குள் அடக்கம்.

ஆனால் கணக்கில் வரும் ஒவ்வொரு பிசகும் பொய்ச்சூள் ஆகாது. பொய்யென்று தெரிந்தோ, உண்மையென்று நம்பாமலோ சொல்லியிருக்க வேண்டும் என்கிறது குற்றங்களுக்குத் தண்டனை வகுக்கும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 227ஆம் பிரிவு. பனிக்கால மாதத்தைச் சராசரி என்று உண்மையாகவே நினைத்தேன் என வாதிட நம் விவசாயிக்கு இடமுண்டு. காட்டேஜை மறந்துவிட்டேன் என்பதுதான் எடுபடாது. நீதிமன்ற நடவடிக்கையில் வேண்டுமென்றே பொய்ச்சான்று அளிப்பவருக்கு 229ஆம் பிரிவின்படி ஏழாண்டு வரை சிறை விதிக்கலாம். எனினும் பாதிக்கப்பட்டவர் நேரே போலீஸ் நிலையத்தில் புகார் கொடுத்து இதை நடத்திவிட முடியாது. குற்ற வழக்கு நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 379ஆம் பிரிவின்கீழ் அதே நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும், விசாரித்துப் புகார் கொடுப்பது நீதிமன்றத்தின் பொறுப்பு.

அந்தப் பெண்ணின் மனுவில் 'பொய்ச்சூள்' என்றே எழுதலாம் என்று நான் சொல்ல, வக்கீலும் அரைமனதாக இசைந்தார். டைப் அடித்து வந்த படியில் அது 'பொய்ச்சூல்' என்று இருந்தது. சூல் என்றால் கருப்பம். குடும்ப வழக்கில் இதைவிட ஆபத்தான எழுத்துப்பிழை இருக்க முடியாது. ளகரத்தைத் திருத்தி, பக்கத்திலேயே 'பொய்யாணை' என்றும் சேர்த்த பிறகுதான் வக்கீல் கையெழுத்துப் போட்டார்.