விமானத்தின் வயிற்றில் உங்கள் பெட்டிக்கு எவ்வளவு இடம்?

கொழும்பில் விமானச் சரக்குத் தொழிலில் இருப்பவரிடம் வருகிற முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "கிலோ என்ன போகுது?" புறக்கோட்டை மொத்த வியாபாரியும் இதைத்தான் கேட்பார். வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தே மிளகாய்த்தூள் பொதி செய்து லண்டனுக்கு அனுப்பும் அக்காவும் இதைத்தான் கேட்பார். கேட்பதில் பிழையில்லை. ஆனால் இன்று நான் சொல்லும் விலை அடுத்த வாரம் நிற்காது. "போன கிழமை வேற ரேட் சொன்னீங்களே" என்று கோபப்படுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய விளக்கம் கொஞ்சம் நீளமானது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து போகும் சரக்கில் பெரும்பகுதி தனிச் சரக்கு விமானத்தில் போவதில்லை. சுற்றுலாப் பயணியும் வேலைக்குப் போகிறவரும் மேலே உட்கார்ந்து போக, அதே விமானத்தின் கீழ்த்தளத்தில், அவர்களுடைய சூட்கேஸ்களுக்குப் பக்கத்தில்தான் நமது பெட்டியும் போகிறது. சூட்கேஸுக்கே முதலிடம். மிஞ்சும் இடமும் மிஞ்சும் எடையும்தான் விற்பனைக்கு வரும். விமானம் நிரம்பி, எரிபொருளும் கூடுதலாக ஏற்ற வேண்டி வந்தால், கடைசி நேரத்தில் இறக்கி வைக்கப்படுவது பயணி அல்ல, உங்கள் பெட்டிதான். இதை 'ஓப்லோட்' என்போம். எந்த விமான நிறுவனமும் இதற்கு மன்னிப்புக் கேட்பதில்லை. அடுத்த விமானத்தில் ஏற்றுவார்கள், அவ்வளவுதான்.

அந்த விமானம் எந்த வகை என்பதும் முக்கியம். ஏ330 போன்ற அகன்ற விமானத்தின் கீழ்த்தளத்தில் கொள்கலன்களும் பெலட்டுகளும் (சரக்கை அடுக்கிக் கட்டும் தட்டுகள்) போகும். ஆனால் சரக்கின் உயரம் சுமார் 160 சென்ரிமீற்றருக்குள் நிற்க வேண்டும். ஏ320 வகையில் உயரம் குறைந்த சிறிய கொள்கலன் ஏற்றலாம், இல்லையென்றால் கையால்தான் அடுக்க வேண்டும். போயிங் 737இல் எல்லாமே கையால். தொழிற்சாலையில் ஒருவர் 170 சென்ரிமீற்றருக்கு அடுக்கி, பொலித்தீன் சுற்றி, பட்டி போட்டு அழகாக அனுப்புவார். அந்தப் பத்துச் சென்ரிமீற்றருக்காக கட்டுநாயக்கவில் முழுவதையும் பிரித்து அடுக்க வேண்டும், அல்லது சரக்கு விமானம் வரும்வரை காத்திருக்க வேண்டும். பெட்டியை வடிவமைக்கும்போதே எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தச் செலவு வராது.

பயணி வராவிட்டால் சரக்கும் போகாது என்பதை இந்த நாடு திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறது. 2001 ஜூலை 24ஆம் திகதி கட்டுநாயக்க தாக்கப்பட்ட பிறகு போர் அபாயக் காப்புறுதிக் கட்டணம் ஏறியது. விமானமும் கப்பலும் அந்தச் சுமையை வாடிக்கையாளர் மீது இறக்கின. 2017 ஜனவரி 6 முதல் ஏப்ரல் முதல் வாரம் வரை, ஓடுபாதையைச் செப்பனிடுவதற்காக காலை 8.30இலிருந்து மாலை 4.30 வரை விமான நிலையம் மூடப்பட்டது. இருப்பது ஒரே ஓடுபாதை. பகல் விமானங்கள் எல்லாம் இரவுக்குத் தள்ளப்பட, சரக்கு ஒப்படைக்கும் நேரங்களும் தலைகீழாகின. 2020இல் கொரோனா வந்தபோது பயணிகள் விமானங்கள் ஒரேயடியாக நின்றன. உலகம் முழுவதும் விமான நிறுவனங்கள் ஆள் இல்லாத பயணிகள் விமானங்களில் சரக்கை மட்டும் ஏற்றிப் பறந்தன, ஆசனங்களின் மீதுகூடப் பெட்டிகளைக் கட்டி வைத்து.

2022 இன்னொரு பாடம். டொலர் இல்லை, அதனால் விமான எரிபொருளும் இல்லை. நீண்டதூர விமானங்கள் இங்கிருந்து புறப்பட்டு திருவனந்தபுரத்திலோ கொச்சியிலோ சென்னையிலோ இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. வெளியிலிருந்து வருகிற விமானம் திரும்பிப் போகவும் சேர்த்து எரிபொருளைச் சுமந்து வந்தால், அந்த எடைக்கு ஈடாக எதைக் குறைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பெற்றோலுக்கு வரிசையில் நின்றது மட்டும்தான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதே நெருக்கடி மீன் பெட்டிகளையும் எப்படித் தொட்டது என்று பேசியவர்கள் குறைவு.

"அப்படியென்றால் மத்தளையில் இருந்து அனுப்பலாமே?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். 2013இல் திறந்த அந்த நிலையத்தின் ஓடுபாதை கட்டுநாயக்கவை விட நீளமானது. ஓடுபாதை இருந்து என்ன, பயணிகளைக் கூட்டிக்கொண்டு ஒழுங்காக வந்து போகும் விமானங்கள் வேண்டுமே. பலாலியின் கதை வேறு. 2019 ஒக்டோபரில் அது சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. சென்னைக்குச் சேவையும் நடக்கிறது. யாழ்ப்பாண நண்டும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் அங்கிருந்தே ஏறும் என்ற ஆசை எனக்கும் உண்டு. ஆனால் அந்தப் பாதையில் பறக்கும் ஏடிஆர் 72 வகை விமானம் சிறியது. பயணிகளின் பொதிகளை ஏற்றிய பிறகு சரக்குக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான். இப்போதைக்கு வடக்கின் பெட்டிகள் ஏ9 வீதி வழியாகத்தான் கட்டுநாயக்கவுக்கு வர வேண்டும்.

தீவு என்பதால் நமக்குத் தரைவழி என்ற மாற்று இல்லை. பங்களாதேஷின் ஆடைத் தொழிற்சாலைகள் பல ஆண்டுகள் லொறியில் டெல்லிக்கும் கொல்கத்தாவுக்கும் சரக்கைக் கொண்டுபோய் அங்கிருந்து பறக்கவிட்டன. 2025 ஏப்ரல் 8ஆம் திகதி இந்தியா அந்த வசதியை நிறுத்தியது. அதற்கு முன்பே, 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கியதும், ஐரோப்பா போகும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியிருந்தன. பத்து நாள், இரண்டு கிழமை என்று பயணம் நீண்டது. அவசர ஆடைகள் கடலில் பாதி வழி, வானில் மீதி வழி என்று மாறின. பங்களாதேஷின் சட்டோகிராம் துறைமுகத்திலிருந்து கப்பலில் கொழும்புக்கு வந்து, துறைமுகத்திலிருந்து லொறியில் கட்டுநாயக்கவுக்குப் போய் விமானம் ஏறுவது அப்படி ஒரு வழி. மாலைதீவு வழியாகவும் இது நடக்கிறது.

நாட்டுக்கு இது நல்ல வருமானம், மறுப்பில்லை. ஆனால் தொன் கணக்கில் முன்பதிவு செய்யும் ஆடைச் சரக்குக்கும் நாற்பது கிலோ கருவாட்டுக்கும் ஒரே விமானத்தின் ஒரே கீழ்த்தளம்தான் என்பதை மறந்துவிடக் கூடாது. ஐரோப்பியப் பாதையில் ஆடைக்குக் கேள்வி ஏறினால் உங்கள் மசாலாப் பெட்டியின் விலையும் ஏறும். போன கிழமை சொன்ன ரேட் இந்தக் கிழமை இல்லாமல் போவது இப்படித்தான்.

சரி, உங்கள் கையில் இருப்பது என்ன? முதலில் பெட்டி. விமானச் சரக்கில் தராசு காட்டும் எடைக்கு மட்டும் காசு வாங்குவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி 6000ஆல் வகுப்பார்கள். வருவது கன எடை. அதுவும் தராசு எடையும், எது கூடுதலோ அதற்கே கட்டணம். கூரியர் நிறுவனங்கள் பெரும்பாலும் 5000ஆல் வகுக்கும். அங்கே இன்னும் கூடும்.

பனையோலைக் கூடை அனுப்புகிற ஒருவரை எடுத்துக்கொள்வோம். 60, 50, 50 அளவுப் பெட்டி. உள்ளே கூடைகள், மொத்தம் ஒன்பது கிலோ. கணக்குப் போட்டால் கன எடை 25 கிலோ. இப்படிப் பத்துப் பெட்டி என்றால் தராசில் 90, பில்லில் 250. "தம்பி, தொண்ணூறு கிலோதானே இருக்கு, இது என்ன அநியாயம்?" என்று கேட்பார்கள். அநியாயம் இல்லை அக்கா, நீங்கள் காற்றை அனுப்புகிறீர்கள். கூடைகளை மூன்று நான்கு அளவில் பின்னி, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் அதே சரக்கு நான்கு பெட்டிக்குள் அடங்கும். கன எடை 100. நூற்றைம்பது கிலோவுக்கான கூலி மிச்சம். எந்த முகவரோடு பேரம் பேசினாலும் இவ்வளவு குறைக்க முடியாது.

கட்டண அட்டையில் படிகள் இருப்பதும் பலருக்குத் தெரியாது. 45 கிலோவுக்குக் கீழ், 45க்கு மேல், 100க்கு மேல், 300, 500 என்று போகும். படி ஏற ஏற கிலோ விலை இறங்கும். ஒரு பேச்சுக்கு, 45க்கு மேல் 3.40 டொலர், 100க்கு மேல் 2.90 டொலர் என்று வைப்போம். 90 கிலோவுக்கு 306 டொலர் வரும். அதையே 100 கிலோ என்று கணக்கிட்டால் 290. அப்படிக் கணக்கிடுவது முறையான நடைமுறைதான். முகவர் தானாகச் செய்யாவிட்டால் கேளுங்கள்.

இனித்தான் பணம் தொலைகிற இடம். கப்பலில் கொடுக்கும் பில் ஒஃப் லேடிங் சரக்கின் உரிமைப் பத்திரம். மூலப் பிரதி கையில் இல்லாமல் வாங்குபவர் சரக்கை எடுக்க முடியாது. விமானச் சரக்குக்குக் கொடுக்கும் எயார்வே பில் அப்படியல்ல. அது வெறும் பற்றுச்சீட்டும் பயண ஒப்பந்தமும்தான். அதில் யார் பெயர் பெறுநராக இருக்கிறதோ, அவர் தன்னை நிரூபித்தால் சரக்கு அவருக்கு. பணம் கட்டினாரா என்று விமான நிறுவனம் கேட்காது. "டொக்கியுமென்ட்ஸ் பாங்க் மூலமாகப் போகுது, பயமில்லை" என்று நம்பி, பெறுநர் இடத்தில் வாங்குபவரின் பெயரையே போட்டுவிடுகிறார்கள். ஆவணம் வங்கிக்குப் போய்ச் சேருமுன் சரக்கு கடையில் விற்றுத் தீர்ந்திருக்கும். புதிய வாங்குபவர் என்றால் முற்பணம் வாங்குங்கள். முடியாவிட்டால், அந்த நாட்டு வங்கியின் சம்மதத்தை முன்கூட்டியே பெற்று வங்கியைப் பெறுநராகப் போடுங்கள். சம்மதம் இல்லாமல் போட்டால் வங்கி கைவிரித்துவிடும்.

போலி எயார்வே பில்லும் சுற்றுகிறது, குறிப்பாக இறக்குமதியாளரை ஏமாற்ற. "சரக்கு ஏறிவிட்டது, மீதிப் பணத்தை அனுப்புங்கள்" என்று வட்ஸ்அப்பில் படம் வரும். ஒரு சின்னச் சோதனை சொல்கிறேன். விமான நிறுவனத்தின் எயார்வே பில் எண்ணில் பதினொரு இலக்கங்கள் இருக்கும். முதல் மூன்றும் நிறுவனத்தின் குறியீடு. ஸ்ரீலங்கனுக்கு 603, எமிரேட்ஸுக்கு 176. அடுத்த ஏழு இலக்கத்தை 7ஆல் வகுத்தால் வரும் மீதிதான் கடைசி இலக்கம். 1234567ஐ வகுத்தால் மீதி 5. ஆகவே 603-12345675 என்று இருக்க வேண்டும். 7ஆல் வகுத்த மீதி 6ஐத் தாண்டாது என்பதால், கடைசி இலக்கம் 7, 8, 9 என்று முடிந்தால் கணக்கே தேவையில்லை, அது பொய். கணக்குச் சரியாக வந்தாலும் நிறுவனத்தின் இணையத்தளத்தில் இலக்கத்தைப் போட்டுப் பாருங்கள். முகவர்கள் தாங்களே வழங்கும் ஹவுஸ் பில்லுக்கு இந்த விதி பொருந்தாது. அதற்குப் பின்னால் உள்ள மாஸ்டர் இலக்கத்தை, அதாவது விமான நிறுவனத்தின் எயார்வே பில் இலக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

கெட்டுப்போகும் பொருள் அனுப்புகிறவர்களுக்குத் தனியாகவே எழுத வேண்டும். சிங்கப்பூர் போகும் களி நண்டு உயிரோடு போய்ச் சேர வேண்டும். கால்களைக் கட்டி, ஈரம் காயாமல், காற்றுப் போக ஓட்டையுள்ள பெட்டியில். சூரை மீன் நீர்கொழும்பில் இறங்கி அருகிலுள்ள கட்டுநாயக்கவுக்கு வருவது வசதிதான். ஆனால் ரெஜிபோம் பெட்டியின் மூலையில் ஒரு வெடிப்பு இருந்தால் போதும், விமான நிறுவனம் பெட்டியைத் தொடாது. உப்புத் தண்ணீர் கசிந்தால் விமானத்தின் உலோகம் அரிக்கும் என்பது அவர்களுடைய பயம். அந்தப் பயம் நியாயமானது. மரக்கறி, பழம், இலைவகைகளுக்குத் தாவரச் சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். தேசிய தாவரத் தொற்றுக்காப்புச் சேவை கட்டுநாயக்கவிலேயே இருக்கிறது. ஒரு பெட்டியில் பழ ஈயின் புழு கிடைத்தால் ஐரோப்பாவில் அந்தச் சரக்கை அழித்துவிடுவார்கள், கூலி உங்கள் தலையில். 2015 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியம் நமது மீனைத் தடை செய்து அடுத்த ஆண்டு வரை வைத்திருந்ததை மீன் ஏற்றுமதியாளர் யாரும் மறந்திருக்க மாட்டார்.

கைத்தொலைபேசி பவர் பாங்க்கைப் பரிசுப் பொருட்களோடு சேர்த்துக் கட்டி "கிஃப்ட்" என்று எழுதாதீர்கள். தனி லித்தியம் அயன் பற்றரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடை. எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். அமெரிக்காவுக்குச் சிறு பொதி அனுப்புகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: 800 டொலருக்குக் குறைந்த பொருளுக்கு இருந்த தீர்வைச் சலுகை 2025 ஓகஸ்ட் 29உடன் நின்றது. பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு ஓடர் எடுத்தால் இலாபம் முழுவதும் தீர்வையில் போகும்.

இன்வொய்ஸில் பழக்கதோஷமாக எஃப்ஓபி என்று போடுகிறோம். சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரை விற்பவர் பொறுப்பு என்ற அது கப்பலுக்கான நிபந்தனை. விமானத்துக்கு எஃப்சிஏ (சொன்ன இடத்தில் ஒப்படைக்கும் வரை விற்பவர் பொறுப்பு) போட்டு, எந்த இடத்தில் ஒப்படைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். கட்டுநாயக்க முனையத்தில் பெட்டி சேதமானால் யார் பொறுப்பு என்ற சண்டை அப்போது வராது.

சேதம் என்றதும் நட்டஈடு. சர்வதேச விமானப் பயணத்துக்கான மொன்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் விமான நிறுவனத்தின் பொறுப்பு 2024 டிசெம்பர் 28 முதல் கிலோவுக்கு 26 எஸ்டிஆர் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), ஏறக்குறைய 35 டொலர். உள்ளே அரிசிமா இருந்தாலும் காஞ்சிபுரம் பட்டு இருந்தாலும் அதுதான் உச்சம், மதிப்பை முன்கூட்டியே அறிவித்து மேலதிகக் கட்டணம் கட்டியிருந்தால் ஒழிய. ஆகவே பெறுமதியான சரக்குக்குத் தனிக் காப்புறுதி எடுங்கள். சேதத்தைச் சரக்குக் கிடைத்து 14 நாளுக்குள்ளும் தாமதத்தை 21 நாளுக்குள்ளும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். வழக்குப் போடுவதென்றால் இரண்டு ஆண்டுக்குள். வெளிநாட்டில் உங்கள் சரக்கைப் பொறுப்பேற்கிற உறவினரிடமோ வாங்குபவரிடமோ இப்போதே சொல்லி வையுங்கள்: பெட்டி நனைந்தோ நசுங்கியோ இருந்தால், அதை டெலிவரித் தாளில் எழுதிய பிறகே கையெழுத்துப் போட வேண்டும், போடுமுன் போனில் நாலு பக்கமும் படம் எடுக்க வேண்டும்.