சும்மா வரும் மெஷினுக்குக் கணக்குக் கேட்பது யார்?

பெரிய ஸ்கேன் மெஷின் வாங்கினால் கமிட்டி கூடும், மூன்று கொட்டேஷன் வரும், பேரம் நடக்கும். லேபில் ரத்தம் போன்றவற்றைப் பரிசோதிக்க வைக்கும் அனலைசர் பலவற்றுக்கு இதெல்லாம் கிடையாது. கம்பெனியே மெஷினை வைத்துவிடும். பதிலுக்கு ரீஏஜென்ட்டை, அதாவது பரிசோதனைக்கான ரசாயனத்தை, அவர்களிடமே வாங்க வேண்டும், மாதம் இத்தனை டெஸ்ட் என்ற உத்தரவாதத்தோடு. ரீஏஜென்ட் ரென்டல் என்பார்கள். மூலதனச் செலவு இல்லையே, அதனால் ஃபைல் கமிட்டிப் பக்கமே போகாது. ஆஸ்பத்திரிக் கருவிகளைக் கவனிக்கும் பயோமெடிக்கல் பிரிவில் இருக்கும் எங்களுக்குத் தெரியவருவது, பெரும்பாலும் பிளக் பாயின்ட் கேட்டு ஆள் வரும்போதுதான்.

கொட்டேஷனில் 'ஒரு டெஸ்ட்டுக்கு இவ்வளவு' என்றிருக்கும். அது ரீஏஜென்ட் கிட்டின் விலையைப் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணிக்கையால் வகுத்தது. 100 டெஸ்ட் கிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 40 நோயாளிகளுக்குத்தான் அந்தப் பரிசோதனை தேவைப்படுகிறது. மெஷின் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, அளவு முன்பே தெரிந்த கன்ட்ரோல் மாதிரியைத் தினமும் இரண்டு லெவலில் ஓட்டினால் அதிலேயே 60 போய்விடும். ஆக, ஒரு ரிப்போர்ட்டின் உண்மையான அடக்கம் கொட்டேஷன் விலையைப்போல் இரண்டரை மடங்கு. காலிபிரேஷன் (மெஷினின் அளவைச் சரிசெய்வது), ரிபீட், திறந்த பாட்டில் கெடு முடிந்து கொட்டியது எல்லாம் இதற்கு மேல்.

இந்தக் கணக்கைப் போடுவது கஷ்டமில்லை. ஆனால் நோயாளி எண்ணிக்கை பில்லிங்கில் இருக்கிறது, கிட் கணக்கு ஸ்டோரில், கன்ட்ரோல் விவரம் மெஷினுக்குள். மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது யாருடைய வேலையும் அல்ல. லேபுக்கு நேரமில்லை, அக்கவுண்ட்ஸுக்கு கன்ட்ரோல் என்றால் என்னவென்று தெரியாது. கடைசியில் கம்பெனிப் பிரதிநிதி போட்டுத்தரும் எக்செல்தான் ஆய்வறிக்கை!

ஒரு கருவியோ சிகிச்சையோ செலவுக்குத் தகுந்ததா என்று பார்ப்பதை மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீடு, சுருக்கமாக எச்டிஏ, என்பார்கள். இந்தியாவில் அதற்கென்று 2017-ல் எச்டிஏஇன் அமைப்பு வந்தது. அது அரசின் கொள்கை முடிவுகளுக்கானது, உங்கள் லேபின் 40 நோயாளிகளை அது எண்ணாது. பாரிஸ் அரசு மருத்துவமனைகள் 1982-லேயே தமக்கென்று ஒரு மதிப்பீட்டுக் குழு வைத்துக்கொண்டன. டென்மார்க்கில் 'மினி எச்டிஏ' என்று ஒரு படிவம் உண்டு. கருவி கேட்கும் துறையே தொழில்நுட்பம், நோயாளி, நிர்வாகம், பணம் என்று நான்கு பக்கமும் யோசித்து நிரப்ப வேண்டும். நம்மூரில் கருவி கேட்டு எழுதும் இன்டென்ட் படிவத்தில் 'காரணம்' என்று ஒரே கட்டம். அதிலும் 'அவசரம்' என்று எழுதியிருக்கும்.

சரி, புதிதாகக் குழு போட எல்லா ஆஸ்பத்திரிக்கும் வசதி இருக்காது. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் மூன்று மாத கிட் கணக்கையும் ரிப்போர்ட் எண்ணிக்கையையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள். அப்புறம் 'ரிப்போர்ட்டுக்கு மட்டும் விலை சொல்லுங்கள், கன்ட்ரோலும் காலிபிரேஷனும் உங்கள் செலவு' என்று கேளுங்கள். அப்படியும் ஒப்பந்தம் போடுகிறார்கள், கேட்டால்.