ஸ்லைடர் நிகழ்வுக்குள் படம் வரையாதீர்கள்

பிறர் எழுதிய டெஸ்க்டாப் செயலிகளைச் சரிபார்த்துக் கொடுப்பது என் வேலை. சென்ற வாரமும் அதே புகார் வந்தது: ஸ்லைடரை நகர்த்தினால் அலைவடிவம் சரியாக மாறுகிறது, சாளரத்தைச் சுருக்கித் திறந்தால் வெற்றுப் பரப்புதான் தெரிகிறது. விண்டோஸ் செயலிகளுக்குச் சாளரமும் பொத்தானும் தரும் விண்டோஸ் ஃபார்ம்ஸில் எழுதிய அந்த நிரலில், ஸ்லைடரின் மதிப்பு மாறும்போது இயங்கும் வேல்யூசேஞ்ச்ட் நிகழ்வுக்குள்ளேயே, வரைவதற்கான பொருளைத் தரும் கிரியேட்கிராஃபிக்ஸை அழைத்து, அங்கேயே கோடுகளை வரைந்திருந்தார்கள். இதையே எத்தனை பேருக்குத்தான் திருத்திக் கொடுப்பது?

ஒருமுறை வரைந்தது திரையில் நிலைத்து நிற்கும் என்ற நம்பிக்கைதான் இத்தனைக்கும் வேர். சுவரில் பூசிய வண்ணம்போல அது ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. நீங்கள் வரைந்த கோட்டை விண்டோஸ் ஒரு கோடாக நினைவில் வைப்பதில்லை. சில பிக்சல்களின் நிறம் மாறியது, அவ்வளவுதான். சாளரத்தைப் பெரிதாக்கும்போதும் சுருக்கி விரிக்கும்போதும், மீண்டும் வரையச் சொல்லி உங்கள் நிரலுக்கே பெயின்ட் செய்தி வருகிறது. அங்கே நீங்கள் எதுவும் எழுதவில்லையென்றால் பின்புல நிறம்தான் மிஞ்சும்.

"என் கணினியில் சரியாகத்தானே வருகிறது" என்று வாதிடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விண்டோஸ் விஸ்டாவில் அறிமுகமாகி, விண்டோஸ் 8 முதல் எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் டெஸ்க்டாப் விண்டோ மேனேஜர், ஒவ்வொரு சாளரத்தின் தோற்றத்தையும் தனியே வைத்திருந்து திரையில் அடுக்குவதால், வேறொரு சாளரம் மேலே வந்து விலகினாலும் படம் அழிவதில்லை. அதற்கு முந்தைய எக்ஸ்பி காலத்தில் உடனே அம்பலமான இந்தப் பிழை, இன்று வாடிக்கையாளர் கைக்குப் போகும்வரை ஒளிந்திருக்கிறது.

ஸ்லைடர் நிகழ்வில் புதிய மதிப்பை ஒரு மாறியில் வையுங்கள், படம் வரையும் பரப்பான பேனலை மீண்டும் வரைய வேண்டும் என்று குறித்துவைக்கும் இன்வேலிடேட்டை அழையுங்கள், வெளியே வந்துவிடுங்கள். வரைவது பெயின்ட் நிகழ்வில் மட்டும், அந்த நிகழ்வு தரும் கிராஃபிக்ஸ் பொருளைக் கொண்டு மட்டும்.

இன்வேலிடேட் உடனே வரைவதில்லை என்று குறைப்பட்டு உடனே வரையவைக்கும் ரிஃப்ரெஷுக்குத் தாவுகிறவர்கள், அந்தத் தாமதம்தான் தங்களைக் காப்பாற்றுகிறது என்பதை அறிவதில்லை. நிரலுக்கு வரும் செய்திகளின் வரிசையில் வேறு செய்திகள் இல்லாதபோதே பெயின்ட் செய்தி எடுக்கப்படுகிறது. அதற்குள் 20 முறை இன்வேலிடேட் அழைத்திருந்தாலும் எல்லாம் சேர்ந்து ஒரே ஒருமுறைதான் வரையப்படும். ரிஃப்ரெஷோ ஒவ்வொரு அசைவுக்கும் முழுப் படத்தையும் வரைந்து முடித்த பிறகே விடும். ஒரு படத்துக்கு 50 மில்லிவினாடி பிடித்தால், மவுஸ் எங்கோ போயிருக்க ஸ்லைடர் பின்னால் திணறிக்கொண்டு வரும். அதைச் சரிசெய்வதாக எண்ணி காத்திருக்கும் செய்திகளை நடுவிலேயே இயக்கிவிடும் டூஈவென்ட்ஸைச் செருகாதீர்கள். ஒரு நிகழ்வு முடியும் முன்பே அதே நிகழ்வு மறுபடி தொடங்கி, வேறு பிழைகள் முளைக்கும்.

க்யூட் என்ற இன்னொரு சாளரக் கருவித்தொகுப்பில் எழுதுபவர்களுக்கும் இதே விதிதான்: அப்டேட்டை அழையுங்கள், உடனே வரையும் ரீபெயின்ட்டை அல்ல. ஆனால் ஜாவா மொழியின் சாளரத் தொகுப்பான ஸ்விங்கில் ரீபெயின்ட்தான் தள்ளிவைத்து வரைவது. அங்கிருந்து க்யூட்டுக்கு வருபவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

படம் மினுமினுத்தால், முழுச் சாளரமான ஃபார்மில், மறைவில் வரைந்து முடித்துத் திரைக்கு மாற்றும் டபுள்பஃபர்ட் பண்பை இயக்குவது பேனலுக்கு உதவாது. பேனலின் பண்பை வெளியிலிருந்து நேரடியாக மாற்றவும் முடியாது. பேனலிலிருந்து ஒரு வகுப்பை வருவித்து, அது உருவாகும்போது இயங்கும் கன்ஸ்ட்ரக்டரில் அந்தப் பண்பை இயக்குங்கள். கோப்பு படிப்பது, நீண்ட கணக்குப் போடுவது எதையும் பெயின்ட்டுக்குள் வைக்காதீர்கள்.

தயவுசெய்து, செயலியைக் கொடுப்பதற்கு முன் சாளரத்தைச் சுருக்கி விரித்து, ஓரத்தைப் பிடித்து இழுத்து, ஸ்லைடரை வேகமாக முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது.