நேரியல் சார்பு: சொல் விளக்கம்

'லீனியர் ஃபங்ஷன்' என்பதற்கான தமிழ்ச் சொல். உள்ளிடும் எண்ணை (எக்ஸ்) ஒரு மாறிலியால், அதாவது மாறாத எண்ணால் பெருக்கி, இன்னொரு மாறிலியைக் கூட்டினால் விடை கிடைக்குமானால் அது நேரியல் சார்பு. வரைபடம் நேர்கோடாக வரும். அப்படி வராதவை நேரியலல்லாத சார்புகள்.

'லீனியர்' என்பதன் மூலம் இலத்தீன் 'லீனியா'. ஆளிநார் நூலைக் குறித்த சொல், பிறகு கோட்டுக்கும் ஆனது. 'ஃபங்ஷன்' என்ற சொல்லை 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கணிதத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெர்மன் கணிதவியலர் லைப்னிட்ஸ். தமிழில் நேர் + இயல். ஓர் அளவு இன்னொன்றைச் சார்ந்திருப்பதால் சார்பு. 'நேரிய சார்பு' என்றும் எழுதுவர். எக்ஸின் அடுக்கு ஒன்று என்பதால் 'ஒருபடிச் சார்பு' என்பதும் பொருந்தும்.

இந்த 'நேர்' நேர்கோட்டின் நேர். நேர்விகிதத்தின் நேர் அல்ல. மாணவர் பலர் தடுமாறுவது இங்கேதான். செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக்க 1.8ஆல் பெருக்கி 32 கூட்டுகிறோம்: 10, 20, 30 பாகைக்கு 50, 68, 86. பத்துப் பாகைக்கு 18 வீதம் ஏறுவதால் நேரியல். ஆனால் 10 இருமடங்காகி 20 ஆனபோது 50 என்பது 100 ஆகவில்லை. ஆகவே நேர்விகிதம் இல்லை.

அட்டவணையைப் பார்த்துப் பிரித்தறிய, வெளியீட்டின் வேறுபாட்டை உள்ளீட்டின் வேறுபாட்டால் வகுக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே ஈவு வந்தால் நேரியல். வெளியீட்டை மட்டும் பார்ப்பது தவறு. 1, 2, 4, 7 என்ற உள்ளீடுகளுக்கு 5, 8, 14, 23 வந்தால் வேறுபாடுகள் 3, 6, 9. வளைகோடு போலத் தெரியும். 1, 2, 3ஆல் வகுத்தால் எங்கும் 3தான். சதுரத்தின் பரப்பிலோ பக்கம் 1, 2, 3, 4 என ஒவ்வொன்றாக ஏற, பரப்பு 1, 4, 9, 16 எனச் சென்று வேறுபாடு 3, 5, 7 ஆகிறது, அது நேரியலல்லாதது. இரண்டு புள்ளிகளை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது, எந்த இரு புள்ளிகளையும் ஒரு நேர்கோடு இணைத்துவிடும்.

சமன்பாடாகத் தந்தால் முதலில் சுருக்க வேண்டும். எக்ஸை (எக்ஸ் + 3)ஆல் பெருக்கி எக்ஸின் வர்க்கத்தைக் கழித்தால் மிஞ்சுவது 3 எக்ஸ், நேரியல்தான். 2இன் வர்க்கமூலத்தை எக்ஸால் பெருக்கினாலும் நேரியலே. எக்ஸே வர்க்கமூலக் குறிக்குள் போனால் அல்ல. எக்ஸ் பின்னத்தின் பகுதியில் (கோட்டுக்குக் கீழே) நின்றாலும், அடுக்கில் ஏறினாலும் நேர்கோடு கிடைக்காது.

நேரியல் இயற்கணிதம் என்ற கணிதப் பிரிவில் வரும் 'நேரியல் உருமாற்றம்' இன்னும் கண்டிப்பானது: சுழியத்துக்குச் சுழியமே வர வேண்டும். 0 பாகை செல்சியஸ் 32 ஆவதால், மேலே சொன்ன வெப்பநிலை மாற்றம் அங்கே நேரியலாகக் கொள்ளப்படாது.