தண்ணீர் என்று நம்பி வரும் தும்பி

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியா ரோட்டில் மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த நேரம். நாங்கள் வந்த கறுப்பு வேனின் பொனட்டில் ஒரு தும்பி வாலால் தொட்டுத் தொட்டு எழும்பியது. “என்ன சேர், வண்டிக்கு முத்தம் குடுக்குது?” என்று டிரைவர் தம்பி சிரித்தார். அது முட்டை இட்டுக்கொண்டிருந்தது.

நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்துக்குத் தனி முனைவு உண்டு, அதாவது அதன் அலைகள் பெரும்பாலும் ஒரே திசையில் அதிரும். தும்பி அதை வைத்துத்தான் தண்ணீரைக் கண்டுபிடிக்கும். தார் ரோடும் கறுப்புப் பெயின்ட்டும் அதே வெளிச்சத்தைக் காட்டிவிடுகின்றன. ஓடைகளில் வளரும் மேப்பூச்சிகள் (மேஃப்ளை) காய்ந்த தார் ரோட்டில் கூட்டமாக முட்டை இடுவது ஏன் என்பதை 1998இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் இப்படித்தான் விளக்கினார்கள். முட்டை காய்ந்துபோகும், அவ்வளவுதான்.

தேயிலைத் தோட்டங்களில் பூச்சி பார்ப்பது என் தொழில். ரோடு என்றால் டயரில் நசுங்குவதைத்தான் எல்லாரும் சொல்வார்கள். ரோடு பூச்சியைக் கூப்பிட்டுக் கொல்வதுதான் எனக்குப் பெரிய கவலை. பாலைவனத்திலும் இதே கதை: ரோட்டில் விழும் மழை ஓரத்துக்கு வழிந்து அங்கே மட்டும் செடி பச்சையாக நிற்கும், பூச்சிகள் அதைத் தேடி வண்டிப் பாதைக்கே வரும்.

நம் பக்கம் பச்சைக்குப் பஞ்சமில்லை. இங்கே இழுப்பது உப்பு. பங்குனி, சித்திரையில் வண்ணாத்திப்பூச்சிகள் சிவனொளிபாத மலைப் பக்கம் கூட்டமாகப் பறக்கும். சிங்களத்தில் அதற்குச் சமனல கந்த, வண்ணாத்திப்பூச்சி மலை, என்றே பெயர். வழியில் வடிகான் ஓரத்து ஈர மண்ணில் இறக்கையை மடித்து வரிசையாக உட்கார்ந்து உப்பை உறிஞ்சும். மலைக்கு யாத்திரை போகும் சீசன் பஸ் ஒன்று போனால் பாதி வரிசை எழும்பும், மீதி தாரோடு ஒட்டிவிடும். ஈரம் தெரியும் வளைவில் வேகத்தைக் குறைத்தாலே பல தப்பும்.

சந்தி விளக்குகளும் இப்போது வெள்ளை எல்இடி. பழைய மஞ்சள் சோடியம் விளக்கை விட நீலம் கலந்த வெள்ளை விளக்குக்குத்தான் அந்துப்பூச்சிகள் அதிகம் வரும். விடிந்தால் மைனாக்களுக்குச் சாப்பாடு.

ரோட்டோரத்துக்குக் களை மருந்து அடிப்பதுதான் எனக்கு ஆகவே ஆகாது. தேயிலையில் இலைச்சுருட்டிப் புழுவை அடக்க 1935-36இல் ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். குளவி என்றதும் பதற வேண்டாம், கொழுந்து மலையில் துரத்தித் துரத்திக் கொட்டுகிற சாதி இல்லை இது. ஆளைச் சீண்டாத சின்னப் பூச்சி. புழுவுக்குள் முட்டை இட்டு அதைத் தீர்த்துவிடும். இந்த மாதிரிக் குளவிகள் வளர்ந்த பிறகு பூந்தேன் குடித்துத்தான் உயிர் வாழும். தேயிலையைப் பூக்க விடாமல் கவ்வாத்து வெட்டுகிறோம். அப்புறம் பூ எங்கே இருக்கிறது? ரோட்டோரக் களையில். அதையும் கருக்கிவிட்டால் புழுவுக்குத்தான் கொண்டாட்டம்.

போன வாரம் ஒரு தோட்டத்து ஐயாவிடம் இதைச் சொன்னேன். “ரோட்டுல பாம்பு வரும், புல்லு நிக்கக் கூடாது” என்றார். அதுவும் சரிதான். மருந்து வேண்டாம், கத்தியால் வெட்டுங்கள், இந்த மாதம் கீழ்ப் பக்கம், மேல் பக்கம் பூத்து முடிந்த பிறகு என்று கேட்டேன். கங்காணியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.