இரவு ஒன்பதரை மணி வீட்டுப்பாடம்

"மேடம், இவ கையிலேருந்து அந்தப் போனை மட்டும் வாங்கிக் கொடுத்துடுங்க. மத்ததை நான் பார்த்துக்கிறேன்" என்றபடியே அந்த அம்மா என் அறைக்குள் வந்தார். பின்னாலேயே பதின்மூன்று வயது மகள். உட்கார்ந்ததிலிருந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கல்வி மாவட்டத்தின் பள்ளிகளுக்கு மாணவர் ஆலோசகராக இருக்கிறேன். இந்தப் புகாரை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. முன்பெல்லாம் உடனே அறிவுரையில் இறங்கிவிடுவேன். பிள்ளைகள் தலையாட்டுவார்கள், வாசலைத் தாண்டியதும் போனை எடுப்பார்கள். இப்போது அறிவுரைக்குப் பதில் ஒரு வெள்ளைத்தாள் கொடுக்கிறேன். "நேத்து சாயங்காலம் வீட்டுக்கு வந்ததிலிருந்து தூங்கினது வரைக்கும் மணிவாரியா எழுது. அம்மாவிடம் காட்ட மாட்டேன்."

அவள் எழுதியதைப் படித்தபோது சங்கடமாகிவிட்டது. ஏழு மணிக்குப் புத்தகத்தை எடுத்திருக்கிறாள். வகுப்புக் குழுவில் ஏதாவது வந்திருக்கிறதா என்று நடுநடுவே பார்த்திருக்கிறாள். ஒன்பதரைக்குக் கணக்குப் பயிற்சித்தாள் வந்திருக்கிறது, மறுநாள் காலை எட்டு மணிக்குள் முடித்து அனுப்ப வேண்டும் என்ற குறிப்போடு. மூன்றாவது கணக்கு வரவில்லை. தோழிகளின் குழுவில் கேட்டிருக்கிறாள். பதில் வந்தது, கூடவே ஒரு வீடியோவும் வந்தது, அதன் பின்னால் இன்னும் இருபது வீடியோக்கள். பன்னிரண்டுக்குத்தான் படுத்திருக்கிறாள்.

அந்த இருபது வீடியோவுக்கு அவள் பொறுப்பு, சரி. ஆனால் ஒன்பதரை மணிக்குப் போனைத் திறக்கவைத்தது யார்? அவளுடைய பள்ளிதானே! பகலில் கூட்டம் போட்டு 'திரை நேரத்தைக் குறையுங்கள்' என்று பேசுகிறோம். ராத்திரியானால் அதே திரைக்குள் பாடத்தை அனுப்பிவைக்கிறோம்.

அந்த ஒரு தாளை வைத்து முடிவுகட்ட எனக்கு மனமில்லை. சில ஆசிரியர்களைக் கூட்டிவைத்து, முந்தைய வாரம் வீட்டுப்பாடங்களும் அறிவிப்புகளும் எந்தெந்த நேரத்தில் போயின என்று அவரவர் போனிலேயே பார்க்கச் சொன்னேன். பெரும்பாலானவை இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு போனவை. யாரையும் குறை சொல்லவும் வழியில்லை. "என் குழந்தை தூங்கின பிறகுதான் மேடம் எனக்கு லேப்டாப்பே கிடைக்குது" என்றார் ஒரு ஆசிரியை. உண்மைதானே! அவர் எப்போது வேண்டுமானாலும் தயார் செய்யட்டும், அது மாணவரிடம் போய்ச் சேரும் நேரத்தை மட்டும் மாற்றலாம் என்று பேசினோம். இந்த நேரத்தில் அனுப்பு என்று முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதி பெரும்பாலான செயலிகளில் இருக்கிறது. மாலை ஆறு மணிக்குமேல் மாணவர் குழுவுக்கு எதுவும் போகக் கூடாது, காலையில் முடித்து அனுப்பு என்று கெடு வைக்கக் கூடாது என்று இரண்டே விதி வைத்தோம். எதிர்ப்பு ஆசிரியர்களிடமிருந்து வரும் என்று நினைத்திருந்தேன். வந்தது சில பெற்றோரிடமிருந்து. "அப்படின்னா ராத்திரி பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்குமே?"

சும்மா உட்கார்ந்திருப்பது அப்படியொன்றும் குற்றமில்லை என்று நான் சொன்னது எடுபடவில்லை.

எல்லாக் கூட்டத்திலும் தவறாமல் வரும் கேள்வி, "ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தரலாம்?" சின்னக் குழந்தைகளுக்கு இதற்கு நேரான பதில் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, இரண்டு வயது நிரம்பும் வரை திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதற்கும் குறைந்தால் நல்லது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு எண்ணைச் சொல்லிவிட முடியாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2016-இல் தந்த பரிந்துரையில், இந்த வயதினருக்குப் பொதுவான ஒரு மணிக்கணக்கைச் சொல்லவில்லை. தூக்கம், ஓடியாடும் விளையாட்டு, குடும்பத்தோடு பேசும் நேரம், இவற்றைத் திரை தின்றுவிடக் கூடாது என்பதுதான் அதன் சாரம். எனக்கு இது நடைமுறைக்கு ஒத்துவரும் யோசனையாகப் படுகிறது. இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒரு அனிமேஷன் செய்து முடிக்கும் பையனையும், இரண்டு மணி நேரம் விரலால் தள்ளிக்கொண்டே இருக்கும் பையனையும் ஒரே தராசில் எப்படி நிறுப்பது?

விரலால் தள்ளுவது என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. பக்கம் முடியாமல் கீழே கீழே போய்க்கொண்டே இருக்கும் வடிவமைப்பை 2006-இல் உருவாக்கியவர் ஏசா ராஸ்கின். அதன் விளைவுகளைப் பார்த்துப் பின்னாளில் அவரே வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். புத்தகத்தில் அத்தியாயம் முடியும், கொட்டாவி வரும், மூடிவைப்போம். இதில் அந்த இடமே கிடையாது. நிறுத்த முடியவில்லை என்று ஒரு குழந்தை சொன்னால் அதை மனவுறுதிக் குறைவு என்று திட்டாதீர்கள் என்று பெற்றோரிடம் சொல்வது இதனால்தான். நிறுத்தம் இல்லாத பேருந்தில் ஏற்றிவிட்டு, ஏன் இறங்கவில்லை என்று கேட்பது போன்றது அது.

இனி படிப்புக்கு வருகிறேன். எனக்கு உண்மையான கவலை இங்கேதான்.

ஒரு மாணவன் பரீட்சையில் மதிப்பெண் குறைந்து என்னிடம் வந்தான். சோம்பேறி இல்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் விளக்க வீடியோக்கள் பார்த்திருக்கிறான், சிலவற்றை மூன்று முறை. "பார்க்கும்போது எல்லாம் புரிஞ்சுது மேடம்." அதே பாடத்திலிருந்து ஒரு கேள்வியைச் சொல்லி, பார்க்காமல் நான்கு வரி எழுதச் சொன்னேன். பேனா நகரவில்லை. அவன் முகத்தில் இருந்தது பயம்கூட இல்லை, ஆச்சரியம். தெரியும் என்றல்லவா நினைத்திருந்தான்!

இதை 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் எளிய சோதனை ஒன்றில் காட்டினார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தி கொடுத்தார்கள். சிலர் அதை இரண்டாவது முறையும் படித்தார்கள். சிலர் ஒருமுறை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப்பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னால்: 81 சதவீதம், எழுதிப்பார்த்தவர்கள் 75. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ். எழுதிப்பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிலிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42 தான். அந்த முதல் ஐந்து நிமிட வெற்றிதான் நம் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. திரும்பத் திரும்பப் பார்க்கும்போது பழகிய முகம் போல ஆகிவிடுகிறது, பெயர் தெரியும் என்றே நினைத்துக்கொள்கிறோம். கேட்டால்தான் தெரிகிறது தெரியாதென்று.

வீடியோவின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. நன்றாக எடுக்கப்பட்ட ஒரு விளக்கம், வகுப்பில் பிடிபடாத விஷயத்தைப் பத்து நிமிடத்தில் பிடிபடவைக்கும். அந்த மாணவனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்று. வீடியோ முடிந்ததும் அடுத்ததற்குப் போகாதே. திரையைக் கவிழ்த்து வை. தாளில் நினைவிருப்பதை எழுது. எழுத முடியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி போடு. அப்புறம் மறுபடி திற, அந்தக் கேள்விக்குறிக்காக மட்டும். முதல் வாரம் வெறுத்தான். "முன்னாடி நல்லாப் படிச்சேன், இப்போ ஒண்ணுமே தெரியாத மாதிரி இருக்கு" என்றான். அந்த எரிச்சலைத் தாண்டுவதற்குத்தான் ஒரு பெரியவர் பக்கத்தில் வேண்டியிருக்கிறது. இரண்டு மாதத்தில் அவன் பக்கங்களில் கேள்விக்குறிகள் குறைந்தன.

செயற்கை நுண்ணறிவிடம் கட்டுரை எழுதி வாங்கும் விஷயத்திலும் எனக்கு இதே கண்ணோட்டம்தான். ஏமாற்று என்று மட்டும் பேசி நிறுத்திவிடுகிறோம். அதைவிட, நினைவிலிருந்து தேடி எடுக்கும் உழைப்பு மாணவரின் மூளைக்குக் கிடைக்காமல் போகிறதே! "நான் எழுதியிருக்கிறேன், இதில் எங்கே ஓட்டை?" என்று கேட்பவர் கற்றுக்கொள்கிறார். "எழுதிக் கொடு" என்பவருக்குக் கட்டுரை கிடைக்கிறது, அவ்வளவுதான்.

வகுப்பறைக்குள் போன், லேப்டாப் போன்ற கருவிகள் பற்றி நிறைய சண்டை நடக்கிறது. முழுத் தடை என்று ஒரு கட்சி, எதிர்காலமே அதுதான் என்று இன்னொரு கட்சி. பதினைந்து வயது மாணவர்களைப் பல நாடுகளில் சோதிக்கும் 2022-ஆம் ஆண்டின் பீசா ஆய்வு இரண்டு கட்சிக்குமே கொஞ்சம் தீனி போடுகிறது. பள்ளியில் கற்றலுக்காக ஒரு நாளில் ஒரு மணி நேரம் வரை கருவிகளைப் பயன்படுத்தியவர்கள், அறவே பயன்படுத்தாதவர்களைவிடக் கணிதத்தில் சராசரியாக 14 புள்ளி அதிகம் பெற்றார்கள். அதே ஆய்வில், சில கணித வகுப்புகளிலாவது கருவியால் தங்கள் கவனம் சிதறுவதாகச் சொன்னவர்கள் சராசரியாக 65 சதவீதம். என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது இன்னொரு எண். பக்கத்து மாணவர் கருவியை நோண்டுவதால் தங்கள் கவனம் சிதறுவதாக 59 சதவீதம் பேர் சொல்லியிருக்கிறார்கள். இப்படிச் சில வகுப்புகளிலாவது கவனம் சிதறியவர்கள், அநேகமாகச் சிதறாதவர்களைவிடக் கணிதத்தில் 15 புள்ளி பின்தங்கினார்கள். ஆக, "என் பிள்ளை கட்டுப்பாடாகத்தான் இருப்பான், அவன் போனை ஏன் வாங்கி வைக்கிறீர்கள்?" என்று கேட்கும் பெற்றோருக்கு என் பதில், உங்கள் பிள்ளைக்குப் பக்கத்து இருக்கை ஒன்று இருக்கிறது.

பள்ளி நேரத்தில் போனைப் பெட்டியில் வைப்பதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் அது பாதி வேலைதான். மூன்றரை மணிக்குப் பெட்டி திறக்கும்போது என்ன செய்வதென்று நாம் சொல்லித்தரவில்லையே.

தூக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், எல்லோரும் கேட்டு அலுத்ததுதான். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும், 6 முதல் 12 வயது வரை 9 முதல் 12 மணி நேரமும் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதமி 2016-இல் தந்த பரிந்துரை. நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வெளிச்சத்துக்குப் பங்கு உண்டுதான். ஆனாலும் நான் பார்த்த பிள்ளைகளை விழிக்கவைத்தது வெளிச்சத்தைவிட, 'நான் இல்லாதபோது குழுவில் என்னைப் பற்றி ஏதாவது பேசிவிடுவார்களோ' என்ற பதற்றம். அதற்குக் கண்ணாடி உதவாது. போன் வேறு அறையில் தூங்கினால் உதவும். அலாரத்துக்குப் போன் வேண்டும் என்பார்கள். அலாரக் கடிகாரம் இன்னும் விற்பனையில்தான் இருக்கிறது என்று நினைவூட்டுவேன்.

முதலில் சொன்ன அம்மாவும் மகளும் மூன்று வாரம் கழித்து வந்தார்கள். இரவு ஒன்பதுக்குப் போன்கள் கூடத்து அலமாரியில் சார்ஜில் போய்விட வேண்டும் என்று வீட்டில் ஒப்பந்தமாம். மகளின் போன் போய்விடுகிறது. "அப்பாவோடது மட்டும் போறதில்லை" என்றாள் அவள், இந்த முறை சுவரைப் பார்க்காமல். அம்மா சட்டென்று என் மேசையில் இருந்த தாள்களை ஒழுங்காக அடுக்க ஆரம்பித்தார். அப்பாவையும் அடுத்த முறை அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன். வெள்ளைத்தாள் தயாராக இருக்கிறது.

பள்ளிகளின் ஆறு மணி விதி ஓரளவு நடக்கிறது. தேர்வு நெருங்கினால் வழுக்குகிறது. போன வாரம் ஒரு ஆசிரியர், "சின்னத் திருத்தம், நாலாவது கேள்வியை விட்டுவிடவும்" என்று இரவில் குழுவில் போட்டுவிட்டார். விதியை நினைவுபடுத்தி அவருக்கு உடனே ஒரு செய்தி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் மணியைப் பார்த்தேன். பத்தேகால்.